பட்டாளத்தார் கல்லும் ஒரு பலாப்பழமும்

வெந்நீர் ஒரு வாளி, சலவை சோடா ஒரு பொட்டலம், தேங்காய் நார் ஒரு கைப்பிடி. இத்தனையும் வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் நான் ஒரு சாமியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாதக் கடைசி இருக்கும். பனி இன்னும் விலகவில்லை. தூரத்தில் நிலக்கரிச் சுரங்கத்து பெல்ட் ஓடுகிற இரைச்சல் எப்போதும்போல் கேட்டுக்கொண்டிருந்தது. ஷிப்டு முடிந்து திரும்புகிறவர்கள் வண்டியை மெதுவாக்கி என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் நிறுத்தவில்லை. நான் நாரும் கையுமாக நின்றால் பக்கத்தில் வரக்கூடாது என்பது இந்த ஊருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அஞ்சலை மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவள்; மூன்று பிள்ளை பெற்றவள்; வாய்க்குப் பூட்டு போட்டு அறியாதவள்.

"நர்சம்மா, பாத்துங்க. சாமி தோலை உரிச்சிரப் போறீங்க."

"சாமிக்கு ஏது தோலு? இது பூரா உங்க எண்ணெ அழுக்கு. வயித்துப் பிள்ளைக்காரிங்க இதைத் தொட்டுத்தானே வயித்துல தடவிக்கிறீங்க?"

"தடவுனா சுகப்பிரசவம். எங்க ஆயா காலத்துலேர்ந்து தடவிகினுதான் இருக்கோம்."

"தடவுங்க. கழுவிட்டுத் தடவுங்க."

சாமி என்றேனே, அது ஒரு சுமைதாங்கி. இரண்டு கற்களைத் தோள் உயரத்துக்குத் தூணாக நட்டு, மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு தனியாக நடந்து வருகிறவர்கள், ஒரு கை பிடிக்க ஆளில்லாவிட்டாலும் சுமையைச் சரித்து வைத்து இளைப்பாறலாம். லாரியும் மினிபஸ்ஸும் வந்த பிறகு அதற்கு வேலையில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் அதற்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள்.

யார் அந்தப் பூங்காவனம்?

இந்தத் தொடரை வாராவாரம் விடாமல் படிக்கிறவர்களுக்கு என் ஜாதகமே தெரியும். இந்த வாரம்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் நெய்வேலி நகரியத்தில் பிரசவ வார்டு நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது தென்காசிப் பக்கம். எங்கள் வீட்டுக்காரர் சுரங்கத்தில் பெல்ட் பராமரிப்பில் இருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவருடைய சொந்த ஊருக்கு வந்து உட்கார்ந்தோம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களிடமும் இப்படி ஒரு கல் இருக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள்.

டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். அதனால் எங்கள் வார்டிலும் எல்லா ஜில்லா அலறலும் கேட்கும். வலி ஒன்றுதான், கூப்பிடுகிற ஆள்தான் வேறு. ஒருத்தி "அம்மா" என்பாள், ஒருத்தி "ஆத்தா" என்பாள். ஒரு பெண் கடைசி வரை தன் வீட்டுக்காரனையே பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரட்டைப் பிள்ளை, நியாயமான கோபம்.

இந்த ஊர்ப் பெண்கள் மட்டும் "பூங்காவனத்தம்மா" என்று கூப்பிடுவார்கள். யாரோ மாமியார் போலிருக்கிறது, பரவாயில்லை, நல்ல மாமியார் என்று நினைத்துக்கொள்வேன். இங்கே குடிவந்த பிறகுதான் அந்த அம்மாள் ரோட்டோரம் கல்லாக நிற்பது தெரிந்தது.

பிள்ளைத்தாய்ச்சியாக ஒரு பெண் இறந்துபோனால், அவள் வயிற்றுச் சுமை இறங்காமலே போய்விட்டதே என்று, அவள் பெயரால் ஊரார் சுமை இறக்கச் சுமைதாங்கி வைப்பது நம் வழக்கம். தென்காசிப் பக்கமும் உண்டு. ஆகவே இந்தக் கல்லும் அப்படி இறந்த ஒருத்திக்கு வைத்ததுதான் என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகமே இல்லை. அவள் பெயர் பூங்காவனம். அவளுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு எல்லாம் உண்டு. "எங்க வூட்டுப் பொண்ணுங்க அது" என்று சொல்லிக்கொண்டு ஒரு குடும்பம் வருஷா வருஷம் ஆடியில் முதல் மரியாதை வாங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் மாதத்தில் பெண்கள் ஒரு பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து அந்தக் கல்லின் மேல் இறக்குவார்கள். பலா இல்லாத காலமென்றால் பறங்கிக்காய். சுமை லேசாக இறங்கினால் பிள்ளையும் லேசாக இறங்கும். நிறைமாதக்காரி தலையில் பலாப்பழமா என்று வந்த புதிதில் தாம்தூம் என்று குதித்தேன். கடைசியில், தேங்காய் அளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம்.

சோடா செய்த வேலை

இப்போது அந்தத் தை மாதத்துக் காலைக்கு வருகிறேன்.

வீட்டிலிருந்து மூன்றாவது வாளி வெந்நீர் கொண்டுவந்து ஊற்றித் தேய்த்தபோது குறுக்குக் கல்லின் முகப்பில் ஒரு சுழி தெரிந்தது. பக்கத்தில் ஒரு கொம்பு. உளி பட்ட கோடு. என் கை தானாக வேகம் குறைந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் எண்ணெயும் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழ, எழுத்து வரிசையாக வந்தது.

"அஞ்சலை, இதுல என்னமோ எழுதியிருக்கு."

"பூங்காவனம்னு எழுதியிருக்கும். வேற என்னா எழுதப் போறாங்க?"

முதல் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கோவிந்தன்.

அஞ்சலை கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது யாரு, புருசனா?" என்றாள்.

அடுத்தது வைத்தி. அதற்கடுத்தது சின்னசாமி. கடைசியில் மன்னாங்கட்டி. ஒரு பெண்ணுக்கு இத்தனை புருஷன் இருக்க முடியாது என்பதை அஞ்சலையே ஒப்புக்கொண்டாள். பெயர்களுக்குக் கீழே இருந்ததை இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். நால்வரும் பட்டாளத்துக்குப் போய் மேல்நாட்டுச் சண்டையில் மாண்டார்கள். அவர்களை நினைத்து ஊரார் செய்த சுமைதாங்கி தர்மம் என்று இருந்தது.

என் கை நார் அப்படியே நின்றுவிட்டது. பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவே முடியவில்லை. என் வார்டில் எத்தனை பெண்கள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு பூங்காவனத்தம்மாவைக் கூப்பிட்டிருப்பார்கள்! அத்தனை பேருக்கும் வந்து நின்றது நான்கு சிப்பாய்களா?

மன்னாங்கட்டி என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறக்கிற பிள்ளையெல்லாம் தங்காமல் போனால், அடுத்ததற்கு இப்படி ஒரு பெயர் வைப்பார்கள். எமன் கேட்டால் வேண்டாமென்று விட்டுவிட்டுப் போகட்டும் என்று. அந்தத் தாய் அப்படிப் பெயர் வைத்து, எமனை ஏமாற்றி, ஆளாக்கி, கடைசியில் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறாள். அதை நினைத்தபோது என் சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மீதிக் கல்லைக் கழுவினேன்.

மிலிட்டரி வந்தார்

எங்கள் ஊரில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் தாமோதரன். பனிமலைப் பக்கமெல்லாம் காவல் இருந்தவர். பிறகு கொஞ்ச காலம் செக்யூரிட்டி வேலையும் பார்த்தார். ஊருக்கு அவர் மிலிட்டரி. மீசையை முறுக்காமல் வெளியே வர மாட்டார். பேருந்துக்கு நிற்கிற நாலு பேரையும் வரிசையில் நிறுத்திவிடுவார்.

சேதி கேட்டு மொபெட்டில் பறந்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இன்னொரு முறை படித்தார். வேட்டி மடிப்பை இறக்கிவிட்டார். குதிகால் இரண்டையும் சேர்த்து, அந்த ஈரக் கல்லுக்கு முன் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பதை மறைப்பானேன்.

"இத்தினி வருசம் இவங்க தலையில மஞ்சளத் தடவிகினு இருந்திருக்கீங்களே," என்றார் அவர்.

அன்றே சேதி ஊர் வாட்சப் குழுவில் பறந்தது. மறுநாள் விடிவதற்குள் கோவிந்தனுக்கு ஏழெட்டு வீட்டில் பேரன்கள் கிளம்பிவிட்டார்கள். வைத்திக்கும் சின்னசாமிக்கும் அப்படியே. மன்னாங்கட்டிக்கு மட்டும் யாரும் வரவில்லை. பெயர் கொஞ்சம் கௌரவக் குறைச்சல். பூங்காவனத்தின் பிறந்த வீட்டார் நிலைதான் பாவம். "எழுத்தைத் தப்பா வெட்டியிருப்பான்" என்று சொல்லிப் பார்த்தார்கள்.

மை ஒற்றிய காகிதம்

கடலூரிலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியை, சரித்திரம் படிக்கிற மாணவிகளோடு வந்தார். எழுத்தைப் படியெடுக்கக் காகிதத்தை நனைத்துக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கினார்கள். அது காய்கிற பதத்தில் துணிப் பொட்டலத்தால் மை ஒற்றினார்கள். கறுப்பில் வெள்ளையாக நான்கு பெயரும் எழுந்து வந்தபோது கூடியிருந்த ஜனம் கைதட்டியது.

"சுமைதாங்கி நிறையப் பார்த்திருக்கேன். உலகப் போருக்குப் போனவங்க பேர் வெட்டின கல்லும் பார்த்திருக்கேன். ரெண்டும் ஒண்ணா இருக்கிறதை இப்பதான் பார்க்கிறேன்," என்றார் பேராசிரியை. "உடம்பு ஊருக்கு வரலை. சமாதி கட்ட வழியில்லை. அதனால அவங்க பேரால நாலு பேருக்கு உதவட்டும்னு வச்சிருக்காங்க. ரொம்ப அருமையான கல்லுங்க இது. பெயிண்ட் அடிச்சிராதீங்க. எண்ணெயும் குறைச்சுக்கங்க."

மிலிட்டரி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பேராசிரியை அவரை விட்டுவிட்டு அஞ்சலையிடம் போய், யார் யார் பலாப்பழம் வைப்பார்கள், எந்தக் கிழமையில், என்ன சொல்லிக் கும்பிடுவார்கள் என்று வெகுநேரம் கேட்டுக் குறித்துக்கொண்டார். மிலிட்டரிக்கு அது பிடிக்கவில்லை.

"அது வந்துங்க மேடம், தெரியாம செஞ்சது. அதெல்லாம் எழுதாதீங்க," என்றார்.

"அதுதாங்க சார் முக்கியம்," என்றார் பேராசிரியை. மிலிட்டரி காதில் அது விழவில்லை. எண்ணெய் குறைக்கச் சொன்னது மட்டும் விழுந்துவிட்டது.

பூட்டு

பங்குனிக்குள் கல்லைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. ஒரு சின்ன இரும்புக் கதவு, அதற்குப் பித்தளைப் பூட்டு, 'தொடாதே' என்று ஒரு பலகை. எல்லாம் மிலிட்டரியின் கைக்காசு. காலையில் திறந்து, கூட்டி, பூ வைத்து, சல்யூட் வைத்துப் பூட்டிவிடுவார். பெண்கள் கேட்டால், "அது போர் நினைவுச் சின்னம். பிரசவ ஆஸ்பத்திரி இல்ல" என்பார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்களே, அது இதுதான். ஊர்க் கூட்டத்தில் பேசிப் பார்த்தோம். எங்கள் வீட்டுக்காரர்கூட, வாயே திறக்காதவர், "கதவை மட்டும் எடுத்துடலாமே தாமோதரா" என்றார். நடக்கவில்லை. மிலிட்டரி கெட்டவர் இல்லை. இத்தனை காலம் பெயரில்லாமல் கிடந்தவர்களுக்குக் கிடைத்த மரியாதையை விட்டுவிடக்கூடாது என்ற வேகம்.

இதற்கிடையில் அவருடைய ஒரே மகள் தேவகி, வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மா போய்ச் சில வருஷமாகிறது. நான்தான் ரத்த அழுத்தம் பார்க்கப் போவேன்.

ஒருநாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அத்தே, என்னைச் சுமந்துகினு இருந்தப்ப எங்கம்மா அந்தக் கல்லுல பழம் வெச்சிருக்குது. நானும் வெக்கணும்னு சொல்லிகினே இருக்கும். இப்ப அம்மாவும் இல்ல. அதையும் வெக்காம நான் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவேன்?"

எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தது. குழந்தை தலை திரும்பியிருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பயம் இருந்தது. பயந்த பெண்ணுக்கு வலி எப்படி முரண்டு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். "அப்பாகிட்டக் கேளு" என்றேன்.

"கேட்டுட்டேன். நீ வேணா வெளியில நின்னு சல்யூட் வெச்சிட்டு வான்னு சொல்லுது."

"எறக்க மாட்டேன்"

வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. அஞ்சலை வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தேவகி தலையில் சும்மாடு வைத்து, அதன் மேல் ஒரு பலாப்பழத்தோடு தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தாள். தேங்காய் அளவு என்ற உடன்படிக்கை காற்றில் போயிற்று. பழம் குடத்தளவு இருந்தது.

பின்னால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள்.

வேலிக் கதவு பூட்டியிருந்தது. தேவகி கதவுக்கு முன் போய் நின்றாள். மிலிட்டரி டீக்கடையிலிருந்து ஓடி வந்தார்.

"என்னாம்மா இது? எறக்கு. கீழ எறக்கு மொதல்ல."

"எறக்க மாட்டேன்."

"கழுத்து சுளுக்கிக்கும்டா கண்ணு. நான் வாங்கிக்கிறேன்."

"வூட்லேர்ந்து தூக்கிட்டு வந்தத வேற எங்கியும் எறக்கக் கூடாது. எறக்குற எடம் உள்ள இருக்குது. நீதான் பூட்டியிருக்கிற."

மிலிட்டரி என்னைப் பார்த்தார். "நர்சம்மா, நீங்களாவது சொல்லுங்க. இந்த மாதிரி நேரத்துல இத்தினி பாரம் தூக்கலாமா?"

"தூக்கக் கூடாது. சீக்கிரம் இறக்கணும்," என்றேன். "சாவி எங்கே?"

சட்டைப் பையைத் தடவினார். இடுப்பைத் தடவினார். சாவி வீட்டில். அந்த மனுஷர் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மொபெட் நிற்பதையே மறந்து ஓடினார். நான் தேவகியின் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைவிட என் நாடிதான் வேகமாக அடித்தது. அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாவியோடு வந்தவர் அதைப் பூட்டில் தலைகீழாகச் செருகினார். அஞ்சலை பிடுங்கித் திறந்தாள்.

தேவகி உள்ளே போனாள். கல்லுக்கு நேராக நின்று, முழங்காலை லேசாக மடக்கித் தலையைச் சாய்த்தாள். பழம் சும்மாட்டிலிருந்து நழுவி, குறுக்குக் கல்லில் போய் உட்கார்ந்தது. ஒரு சத்தம் இல்லை. மூச்சை விட்டாள் பாருங்கள், அந்த மூச்சில் எனக்கும் பாதிப் பாரம் இறங்கியது.

அப்போதுதான் அடுத்த சிக்கல் வந்தது. வைத்த பழத்தை வைத்தவள் எடுக்கக் கூடாது. பிரசவத்தில் எமன் வாசல் வரைக்கும் போய் நல்லபடியாகத் திரும்பிய ஒருத்தி எடுத்துப் போய் அறுத்து ஊருக்குப் பங்கு வைக்க வேண்டும். பெரும்பாலும் அந்தப் பெண்ணின் அம்மாதான் எடுப்பாள். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிலர் என்னைப் பார்த்துவிட்டு, சட்டென்று பார்வையைத் திருப்பினார்கள்.

"என்னைப் பார்க்காதீங்கப்பா. ஊர்ப் பிள்ளையெல்லாம் இந்தக் கையிலதான் விழுந்துச்சு. ஆனா நான் ஒண்ணும் பெறலை," என்று நானே போட்டு உடைத்தேன்.

அஞ்சலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். தேவகி அவளைக் கையமர்த்தினாள்.

"அப்பா, நீ எடு."

"நானா? நான் எப்பிடிம்மா? பொம்பளைங்கதான எடுப்பாங்க?"

"நீயும் எமன் வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்தவன்தான? இவங்க நாலு பேரும் வரல. நீ வந்துட்ட. நீ எடுப்பா."

மிலிட்டரி கல்லுக்குப் பக்கத்தில் வந்தார். மீசைக்கு மேலே கண்ணீர் வழிந்தது. துடைக்கவும் இல்லை. தோள் துண்டைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டார். கல்லின் ஓரமாகக் குனிந்து, பழத்தைத் தன் தலைக்கு இழுத்துக்கொண்டார். காம்பிலிருந்து பால் வடிந்து அவர் மீசையில் ஒட்டியது. பெண்கள் கைதட்டிச் சிரித்த சிரிப்பில் சுரங்கத்து இரைச்சல்கூடக் கேட்கவில்லை. அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, அணிவகுப்பில் போகிற மாதிரியே வீடு வரைக்கும் நடந்தார்.

அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் அறுத்த பழம் தேனாக இனித்தது. தெரு முழுக்க வாசனை. மத்தியானம் பார்த்தால் வேலி மட்டும் இருந்தது, கதவைக் காணோம்.

ஒரு போன்

பத்து நாளுக்குள் தேவகிக்கு வலி எடுத்தது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். ஓய்வு பெற்றவளை உள்ளே விட மாட்டார்கள். பழைய வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தேவகியின் வீட்டுக்காரன் அங்குமிங்கும் நடந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மிலிட்டரி வாசல் வரை வந்துவிட்டு, "எனக்கு இங்க நிக்கத் தைரியம் இல்ல" என்று ஊருக்குத் திரும்பிவிட்டார்.

குழந்தையைக் கொண்டுவந்து என் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"சுகப்பிரசவம். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. நீங்க எங்கே இருக்கீங்க?"

போனில் லாரி ஒன்று போகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது. என்னிடம் பேசவில்லை.

"கோவிந்தண்ணே, வைத்தியண்ணே, சின்னசாமியண்ணே, மன்னாங்கட்டியண்ணே," என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "பேத்தி பொறந்திருக்குதுங்க."